ஏழாவது வரிசை வரை

குளியலறைச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு விடை வைத்திருக்கிறது. நீர் ஊடுருவாத, வழவழப்பான மேற்பரப்பு தரையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும் என்பது அந்த விடை. அதற்கு மேல் அத்தொகுப்பு எதையும் கேட்பதில்லை. 1 மீட்டருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியைக் குடும்பங்கள்தாம் தீர்மானிக்கின்றன. பணம், பழக்கம், அண்டை வீட்டுக் குளியலறை, கடைக்காரரின் பேச்சு, யார் தேய்த்துக் கழுவப்போகிறார்கள் என்ற கணக்கு ஆகிய எல்லாம் அந்தத் தீர்மானத்தில் கலந்துவிடுகின்றன. கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டில் இவற்றோடு நுரையீரலும் சேர்ந்துகொண்டது.

டைல்ஸ் உயரத்தின் வரலாறு பெரும்பாலும் குளிக்கும் முறையின் வரலாறுதான். மணையில் அமர்ந்தோ நின்றோ வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிப்பவரின் உடலிலிருந்து தெறிக்கும் நீர் இடுப்பளவைத் தாண்டுவது குறைவு. ஆகவே 3 அடி அல்லது 4 அடிக்குச் சிமென்ட் பால் பூசி மெழுகிய சுவரோ, சிறிய வெள்ளைச் சதுர டைல்ஸோ நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. ஷவர் வந்தபோது நீர் தலைக்கு மேலிருந்து விழுந்தது. டைல்ஸும் கதவுச் சட்டத்தின் தலைமட்டமான 7 அடிக்கு ஏறியது. பின்னர்க் கீஸர் நீராவியைக் கொண்டுவந்தது. குஜராத்தின் மோர்பி வட்டார ஆலைகளிலிருந்து லாரி லாரியாக இறங்கும் டைல்ஸ் சிற்றூர்க் கடைகளையும் நிறைத்தது. உயரம் கூரையைத் தொட்டது. கட்டட வேலையில் இந்தப் பரப்புக்கு வழங்கும் பெயர் ‘டேடோ’. இத்தாலிய மொழியில் பகடைக்காயைக் குறித்த அச்சொல், கட்டடக் கலையில் பீடத்தின் சதுர நடுப்பகுதிக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுட்டி, அங்கிருந்து நம் கொத்தனார்களின் நாவுக்கு வந்தது. இன்று கூரை வரை ஒட்டினாலும் அது டேடோதான். சொல் இருந்த இடத்திலேயே இருக்க, பொருள் சுவரேறிவிட்டது.

ஆண்டர்சன்பேட்டை வீட்டின் மூத்தவர் எழுபதை எட்டியவர். சுரங்கத்தில் அடிநிலத் தொழிலாளியாக இருந்தவர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய நவீனத் தங்கச் சுரங்கப் பணி, 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தைக் கண்டு, 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது. அன்று அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவருடைய தாத்தா வடாற்காட்டிலிருந்து வந்து மூங்கில் தட்டியும் தகரமும் கொண்ட லைன் குடிசையில் வாழ்ந்தவர். குளியல் என்பது குடிசைக்குப் பின்னால் ஒரு கல், ஒரு குடம், ஒரு சாக்குத் திரை. தந்தையின் காலத்தில் சாக்கு தகரமாயிற்று. இவருடைய காலத்தில் கொல்லையின் கோடியில் செங்கல் அறை எழுந்தது. வீட்டிலிருந்து அந்த அறைக்கு இருபது எட்டுக்கு மேல் இராது. சென்ற ஆண்டு முதல் அந்த இருபது எட்டுக்கு நடுவில் அவர் ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நுரையீரலில் தழும்பு கட்டியிருக்கிறது, அது ஆறாது, இனிப் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளேயே படுக்கையறையை ஒட்டிக் குளியலறை கட்டுவது என்று முடிவானது அதனால்தான்.

அறை 5 அடிக்கு 7 அடி. தரை முடிந்தபின் கூரைவரை 9 அடி 4 அங்குலம். கதவின் அகலம் இரண்டரை அடி. காற்றுப்போக்கியைக் கழிக்காமல் கணக்கிட்டால் 4 அடி உயரத்துக்கு 86 சதுர அடி, 7 அடிக்கு ஏறத்தாழ 150, கூரைவரை ஏறத்தாழ 206. கடைசி இரண்டுக்கும் இடையிலுள்ள 56 சதுர அடியே வீட்டுக்குள் விவாதமாயிற்று.

மகன் நாள்தோறும் விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறுபவர். அங்கே அவர் வேலை செய்யும் கட்டடத்தில் கழிவறைச் சுவரெல்லாம் கூரைவரை டைல்ஸ். ஆனால் அவருடைய வாதம் அழகைப் பற்றியதன்று. “நைனா, மேல மொட்டைச் சுவரா விட்டா ஓதம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும். உன் மூச்சுக்கு அது ஆவாது. செலவு ஆனா ஆவட்டும்” என்றார். பூஞ்சணத்தின் நுண்விதைகள் நலிந்த நுரையீரலை வருத்தும் என்பது உண்மை. தந்தையைக் காப்பதற்காகச் சுவரை மூட விரும்பிய மகனை யாரும் குறைகூற முடியாது.

மருமகளின் கணக்கு வேறு. “7 அடிக்கு மேல எனக்குக் கை எட்டாது மாமா. ஸ்டூல் போட்டு ஏறித்தான் தொடைக்கணும். வழுக்குற தரையில ஸ்டூலா?” என்று அவர் கேட்டார். குளியலறைச் சுவரின் உயரம் பற்றிய பேச்சுகளில் இந்தக் கேள்வி எழுவது அரிது. தீர்மானிப்பவரும் தேய்ப்பவரும் பெரும்பாலான வீடுகளில் வெவ்வேறு நபர்கள். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் டைல்ஸில் வெள்ளை உப்புப் படலத்தை விட்டுச்செல்லும் ஊர்களில், எட்டாத உயரத்தில் ஒட்டிய ஒவ்வொரு டைல்ஸும் ஒரு பெண்ணின் மேல் ஏற்றிய பொறுப்பு.

மூத்தவர் இருவரையும் கேட்டுவிட்டு, டைல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அளந்தார். 300க்கு 450 மில்லிமீட்டர். படுக்கைவாட்டில் ஒட்டினால் ஒரு வரிசையின் உயரம் ஏறத்தாழ ஓரடி. 7 வரிசையில் கதவுச் சட்டத்தின் தலை ஏறக்குறைய வந்துவிடும். கூரைவரை போனால் 9 வரிசைக்கு மேல் 5 அங்குல இடைவெளி எஞ்சும். அந்த இடைவெளிக்கு அறையைச் சுற்றி ஒவ்வொரு டைல்ஸையும் நீளவாக்கில் அறுத்தாக வேண்டும். “அந்தப் பையன் அவ்வளவையும் மெஷின்ல அறுப்பான். வேணாம்” என்றார்.

அவருடைய சொல்லுக்குப் பின்னால் இருந்தது சுரங்கத்தின் அறிவு. தங்கவயலில் தங்கம் குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல் நாளங்களில் கலந்திருந்தது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அதன் நுண்துகள்களில் 10 மைக்ரானுக்கும் சிறியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை போய்ச் சேர்கின்றன. உடலால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. அவற்றைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். தூசியிலிருந்து விலகிய பிறகும் நோய் வளரக்கூடும். காசநோய்க்கும் அது கதவு திறந்துவிடும். 1940களிலேயே தங்கவயல் தொழிலாளர்களிடையே இந்நோய் மருத்துவ ஆய்வுக்கு உள்ளாகியிருந்தது. படிகச் சிலிக்காத் தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் வகைப்படுத்தியது. இந்த ஆண்டுகளும் பெயர்களும் மூத்தவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இவ்வளவே: துளைக்கும் கம்பியின் உள்ளே தண்ணீர் ஓடினால் பாறை சேறாக வரும், ஓடாவிட்டால் புகையாக வரும். தண்ணீர்க் குழாயைப் பூட்டினால் வேலை மெதுவாகும் என்று பூட்டாமலே துளையிட்ட நாள்களும், அந்த நாள்களில் அவருடன் நின்றவர்களும் அவர் நினைவில் இருந்தார்கள். நின்றவர்களில் பலர் இப்போது இல்லை.

டைல்ஸின் உடலும் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றின் கலவைதான். வைரப்பல் பதித்த வட்டத்தகடு சுழலும் கையெந்திரத்தால் அதை உலர்வாக அறுக்கும்போது எழும் வெண்புகை, ஆழத்தில் பாறையைத் துளைத்தபோது எழுந்த புகைக்கு நெருங்கிய உறவு. சுரங்கம் மூடிய ஊரில் அது வேறு கருவியோடு திரும்பி வந்திருக்கிறது. ஊருக்குள் காற்றுக்காலத்தில் சயனைடு மேடுகளிலிருந்து பறக்கும் மணலைப் போல யாரும் அதை அதிகம் பொருட்படுத்துவதுமில்லை.

டைல்ஸ் ஒட்ட வந்தவர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். பங்காருபேட்டையில் சில ஆண்டுகள் வேலை பார்த்ததில் கன்னடம் கற்றிருந்தார். மூத்தவருக்கு இந்தி வராது. ஆகவே இருவருக்கும் தாய்மொழியல்லாத கன்னடத்தில் பேச்சு நடந்தது. இளைஞர் முதலில் கேட்டது, “எல்லிவரெகெ?” என்று. எதுவரை என்று பொருள். தமிழின் ‘வரை’யும் கன்னடத்தின் ‘வரெகெ’யும் ஒரு வேரின் கிளைகள். தமிழில் வரை என்றால் கோடு, எல்லை, மலை; வரைவது வினை. உயரத்தைக் கேட்கும் வினாவுக்குள்ளேயே கோடு கிழிப்பதும் இருக்கிறது. மூத்தவர் கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு கிழித்தார். ஏழாம் வரிசையின் விளிம்பு அது.

எந்திரத்தைப் பற்றிய பேச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இந்தியில் தூல், கன்னடத்தில் தூளு, தமிழில் தூளி. மூத்தவர் அச்சொல்லைச் சொல்லி, தம் மார்பில் கைவைத்துக் காட்டினார். இளைஞர் சிரித்தார், கழுத்தில் கிடந்த துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வதாகச் சைகை செய்தார். துண்டு பெரிய துகளைத் தடுக்கும். நுரையீரலைக் கெடுக்கும் சிறிய துகள் அதன் நெசவுக்குள் தடையின்றிப் போகும். எந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கலாமே என்றார் மூத்தவர். இளைஞரின் முகம் மாறியது. கம்பி வழியே மின்சாரம் வரும் கையெந்திரத்தில் தண்ணீரா என்ற அவருடைய அச்சம் நியாயமானது. தூசியால் வரும் கேடு பல ஆண்டுகள் கழித்துத் தெரியும். மின்சாரத்தால் வரும் கேடு அக்கணமே தெரியும். எளிய மனிதர்கள் எப்போதும் அக்கணத்துக் கேட்டிலிருந்துதான் முதலில் விலகுகிறார்கள்.

தீர்வு ஒரு பழைய கருவியில் இருந்தது. தண்டவாளம் போன்ற சட்டத்தில் சிறு சக்கரம் ஓடும் கை டைல் கட்டர் அது. சக்கரம் மேற்பூச்சில் ஒரு கீறல் இடும். பிடியை அழுத்தினால் டைல்ஸ் அந்தக் கீறலில் இரண்டாக முறியும். மின்சாரமும் இல்லை, புகையும் பெரும்பாலும் இல்லை. சுவருக்கான மெல்லிய டைல்ஸுக்கு அது மிகவும் ஏற்றது. மூலைகளுக்கான நேர்வெட்டுகளையும், தரையின் சரிவுக்கேற்ப அடிவரிசையில் குறைக்க வேண்டியவற்றையும் அதில் முடித்துவிடலாம். குழாய்களுக்கான துளைகள் மட்டுமே எஞ்சும். கீஸரின் இரண்டு குழாய்களும் ஏழாம் வரிசைக்கு மேல் போய்விட்டதால் அங்கு இரண்டு துளைகள் மிச்சமாயின. மற்ற ஐந்தையும் வெளி முற்றத்தில், ஈரப் பஞ்சின் மேல் வைத்துத் துளைக்கலாம் என்று இளைஞரே வழி சொன்னார். மகன் அதற்கு முன் வீட்டின் மின்பெட்டியில், கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தச் செய்தார்.

ஆனால் கருவி கிடைத்தாலும் கூலியின் கணக்கு தடுத்தது. டைல்ஸ் ஒட்டுபவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. கையெந்திரம் சில நொடிகளில் அறுப்பதைக் கை டைல் கட்டர் அளந்து, வைத்து, கீறி, முறிக்க நேரமாகும். சில டைல்ஸ் கோணலாக முறிந்து வீணாகவும் செய்யும். மெதுவாக வேலை செய்பவர் தம் கூலியில் தாமே வெட்டிக்கொள்கிறார். அடிநிலத்தில் தண்ணீர்க் குழாயைப் பூட்டாமல் துளைத்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். தூசியை உண்டாக்குவது எந்திரம் என்று சொல்வது பாதி உண்மை. அளவுக்குக் கூலி என்ற ஏற்பாடு மறுபாதி.

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் தகும். கட்டடத் தொழிலாளர்களின் பணிநிலை, பாதுகாப்பு, நலன் ஆகியவற்றுக்காக 1996இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நல வாரியங்களும் 1 விழுக்காட்டுத் தீர்வையும் அதன் வழியே வந்தவை. ஆனால் தம் சொந்தக் குடியிருப்புக்காக 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் வேலை செய்விக்கும் தனிநபரை அச்சட்டம் தொடக்கத்திலேயே தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. சிறு வீட்டுக்காரரைச் சுமையிலிருந்து காக்க வேண்டும் என்ற நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. இருப்பினும் தூசிக்குப் பெரிய கட்டடம், சிறிய கட்டடம் என்ற வேறுபாடு கிடையாது. 5 அடிக்கு 7 அடி அறைக்குள் அறுப்பவர், காற்றோட்டமுள்ள பெருங்கட்டடத் தளத்தில் அறுப்பவரைவிட அடர்ந்த தூசியை மூச்சிழுக்கிறார். சட்டம் எட்டாத அந்த அறையில் கோடு கிழிக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரரின் கைக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை டைல்ஸின் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறது.

ஆண்டர்சன்பேட்டை வீட்டில் மேல் 56 சதுர அடிக்கான டைல்ஸும் ஒட்டுகூலியும் மிச்சமாயின. அந்தப் பணத்தை மருமகள் பிரித்தார். ஒரு பங்கு, இளைஞருக்குச் சதுர அடிக் கணக்குக்கு மேல் இரண்டு நாள் கூலியும் கை டைல் கட்டரின் வாடகையும். இன்னொரு பங்கு, காற்றுப்போக்கியில் பொருத்தும் எக்ஸாஸ்ட் விசிறி. எஞ்சியது, சுவரில் பதிக்கும் எஃகுக் கைப்பிடி. ஏழாம் வரிசைக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வேர்விடாது. ஆண்டுக்கொருமுறை மீண்டும் அடித்துக்கொள்ளவும் செலவு குறைவு. மேலும், வெந்நீரின் ஆவி முதலில் குளிர்ந்து படிவது பெரும்பாலும் கூரையின் அடிப்பரப்பிலும் மூலைகளிலும்தான். டைல்ஸ் கூரையை மூடுவதில்லை. ஆவியை வெளியேற்றும் விசிறியே மகன் அஞ்சிய பூஞ்சணத்துக்கு உண்மையான மறுமொழி. இதைக் கேட்டபின் மகன் மறுத்துப் பேசவில்லை. ஆயினும் ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை.

வேலை இரண்டு நாளில் முடிய வேண்டியது நான்கு நாள் ஆயிற்று. பதினோரு டைல்ஸ் கோணலாக முறிந்தன. மூத்தவர் முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, துளையிடும்போதெல்லாம் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். அந்த நான்கு நாளும் அவர் ஒருமுறையும் எழுந்து உள்ளே போக நேரவில்லை. மூன்றாம் நாள் மாலையில் இளைஞர் தம் கையெந்திரத்தை எடுத்துக்காட்டி, அதன் இடுக்குகளில் இறுகியிருந்த வெண்தூளை ஆணியால் சுரண்டி உதிர்த்தார். “இதெல்லாம் உள்ளேயும் போயிருக்குமா?” என்று கன்னடத்தில் கேட்டார். மூத்தவர் உடனே விடை சொல்லவில்லை. பின்னர், இனிமேல் போக வேண்டியதை நிறுத்தலாம் என்றார்.

இந்த ஒரு வீட்டால் கூலிமுறை மாறிவிடவில்லை. கை டைல் கட்டர் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் இளைஞர் ராபர்ட்சன்பேட்டையில் வேறொரு வீட்டுக்குப் போனார். அங்கே கூரைவரை, சதுர அடிக் கணக்கு, நான்கு நாள் கெடு. அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் கூடுதல் கூலி கேட்டுப் பார்த்ததாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் கைபேசியில் மூத்தவருக்குச் சொன்னார். அறுப்பதை மட்டும் அறைக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்துச் செய்வதாகவும் சொன்னார். அது போதாது என்பது இருவருக்கும் தெரியும். முன்பு செய்ததைவிட மேல் என்பதும் தெரியும்.

மகனுக்கு அந்தக் குளியலறைச் சுவர் இன்னும் முடிக்கப்படாத சுவராகவே தோன்றுகிறது. விருந்தினர் யாரேனும் வந்து மேலே பார்த்தால், பணம் போதவில்லை என்று எண்ணிக்கொள்வார்களோ என்ற கூச்சம் அவருக்கு உண்டு. மருமகள் ஞாயிறுதோறும் தரையில் நின்றபடியே ஏழாம் வரிசைவரை தேய்த்துக் கழுவிவிடுகிறார். மூத்தவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மணையில் அமர்ந்து, வாளியிலிருந்து மொண்டு ஊற்றியே குளிக்கிறார். ஷவரைத் திறப்பதில்லை. அவர் மேல் விழும் நீர் நான்காம் வரிசைக்கு மேல் தெறிப்பதுமில்லை.